கேம் பொருத்தம்

"சுடற கேமுங்களா, வண்டி ஓட்டற கேமுங்களா? உங்களுக்கு எதுங்க புடிக்கும்?"

பெண் பார்க்க வந்த ஜெயபிரகாஷ் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தே கோகிலவாணி மாடிப்படி ஏறியிருந்தாள். ஆயினும் அச்சமாகத்தான் இருந்தது.

கீழே கூடத்தில் இரு வீட்டாரும் முறுக்கும் காபியுமாக அமர்ந்திருந்தார்கள். "புள்ளையும் பையனும் கொஞ்ச நேரம் தனியாப் பேசட்டுங்க" என்று இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தவர் தரகர் தீர்த்தகிரி. பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெயபிரகாஷ் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். அவரைப் பற்றித் தரகர் போன வாரமே அவளை எச்சரித்திருந்தார்.

"சாமி, ஜாதகமெல்லாம் அமோகமாப் பொருந்துது. ஆனா இப்பல்லாம் அது மட்டும் பத்தறதில்ல, ரசனையும் பொருந்தோணுங்கறாங்க. பையன் கேமுன்னா சோறு தண்ணி மறந்துருவாரு. அது வெட்டி வேலைன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாத, ஆமா."

கோகிலவாணி தன் வாழ்நாளில் ஒரு வீடியோ கேம்கூட ஆடியதில்லை. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி, வீட்டுக்கு வந்து விடைத்தாள் திருத்தவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. ஆனாலும் இந்த வரனை நழுவவிட அவளுக்கு மனம் வரவில்லை. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும், கல்யாணம் ஆனதும் அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்றே நிபந்தனை போட்டார்கள். "டீச்சர் வேலைய எதுக்குங்க உடோணும்?" என்று சொல்லி அனுப்பிய முதல் ஆள் இவர்தான்.

ஆகவே, கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் இனியாவிடம் தினமும் மாலையில் பாடம் கேட்டு, கேம் வகைகளை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"சுடறது எனக்கு அவ்வளவா ஆவாதுங்க," என்றாள் மெதுவாக. "செத்தவங்களே மறுக்கா எந்திரிச்சு வந்து சண்டை போடறாங்க. அப்பறம் எதுக்குங்க சாவோணும்?"

ஜெயபிரகாஷ் வாய்விட்டுச் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க. கூட்டாளி உழுந்து கெடந்தாக்கூட நின்னு பாக்காம ஓடறாங்க. என்ன சேக்காளியோ!"

"அப்ப உங்களுக்கு எதுங்க புடிக்கும்?"

அவர் சற்றுத் தயங்கினார். "எனக்குங்களா? லாரி கேமுதானுங்க. லோடு ஏத்திட்டுப் போன வண்டி பத்தரமா வந்து சேந்தாப் போதும். ஜெயிக்கோணும்னெல்லாம் இல்லீங்க."

"ஆபீஸ்லயும் லாரி, கேமுலயும் லாரிங்களா?"

"கேமுல ஒரு வசதி இருக்குதுங்களே. டிரைவரு போன அணைச்சு வெச்சுட்டுத் தூங்க மாட்டான்!"

இப்போது அவளும் சிரித்துவிட்டாள். அச்சம் சற்று விலகியது.

"எனக்குங்க, குக்கர் விசில் அடிச்சா அப்படியே பாதியில உட்டுட்டுப் போவோணும். திரும்பி வந்தா உட்ட எடத்துலயே இருக்கோணும். அந்த மாதிரி கேமுதான் வேணும்."

இது இனியா சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"நல்ல ரசனைங்க," என்றார் ஜெயபிரகாஷ் மிகுந்த மரியாதையுடன். அந்த மரியாதைதான் அவளை உறுத்தத் தொடங்கியது.

அதற்குள் தரகரின் தலை படிக்கட்டில் எட்டிப் பார்த்தது. "ஏனுங்க மாப்ள, வாயிலயே கேம் ஆடுனா எப்படிங்க? போன எடுத்து ஒரு ஆட்டம் ஆடுங்க!" என்று சொல்லிவிட்டுத் தலை மறைந்தது.

வேறு வழியின்றி ஜெயபிரகாஷ் போனை எடுத்துத் திரையைத் தொட்டார். கார் பந்தயம் ஒன்று ஆரவாரமாகத் திறந்தது.

"நீங்க ஆடுங்க," என்று அவளிடம் நீட்டினார்.

"ஐயோ, நீங்க மொதல்ல ஆடுங்க."

"பரவால்லீங்க, நீங்களே ஆடுங்க."

"ஊட்டுக்கு வந்தவங்க நீங்கதானுங்க. நீங்க ஆடுனாத்தான் மரியாதை."

போன் இருவர் கைக்கும் மாறி மாறிப் போய் வந்தது. அதற்குள் பந்தயம் தொடங்கி, மற்ற கார்கள் எல்லாம் பறந்துவிட்டன. இவர்களுடையது மட்டும் கோட்டிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

உயிராய் நினைக்கும் விளையாட்டைக்கூட விட்டுக்கொடுக்கிறாரே, இவ்வளவு பண்பானவரையா ஏமாற்றுவது? காப்பியடித்துத் தேறும் பிள்ளைகளை வகுப்பில் கண்டிக்கும் தானே இப்படிச் செய்யலாமா? இன்று தப்பித்தாலும் கல்யாணத்துக்குப் பிறகு தெரியாமலா போகும்? வருவது வரட்டும் என்று கோகிலவாணி தலைகுனிந்தாள்.

"மன்னிச்சுருங்க. நான் இது வரைக்கும் ஒரு கேம்கூட ஆடுனதில்லீங்க. சுடறது, ஓட்டறதெல்லாம் எங்க சித்தி புள்ள சொல்லிக் குடுத்தது. உங்களுக்குக் கேமுன்னா உசுருன்னு தரகர் சொன்னாரு, அதான். இதனால வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். ஜெயபிரகாஷ் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி திரையை அங்கும் இங்கும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேமுன்னா உங்களுக்குத்தான் உசுருன்னு அவரு என்கிட்டச் சொன்னாருங்க, காலைல கெளம்பறப்பத்தான் என்ர தங்கச்சி இத ஏத்திக் குடுத்து, என்ன பேசோணும்னும் சொல்லிக் குடுத்தா," என்றவர், உறுமிக்கொண்டிருந்த போனைப் பரிதாபமாக அவளிடம் நீட்டினார். "அப்படீன்னா, இந்தக் கார எப்படிக் கெளப்பறதுன்னு உங்களுக்கும் தெரியாதுங்களா?"