பத்து மீட்டர் உயரத்தில் ஒருத்தி

அக்கா, நான் தரை துடைக்கும் நீச்சல்குளத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. தண்ணீருக்குள் குதிப்பதற்கான பத்து மீட்டர் மேடையின் விளிம்பில் ஒரு பெண் தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கிறாள். குதிகால்கள் அந்தரத்தில் இருக்கின்றன, கால்விரல்கள்தான் அவளைத் தாங்குகின்றன. கெண்டைக்கால் நடுங்குவது கீழிருந்தே தெரிகிறது. இங்கே பயிற்சி எடுக்கும் பெண்கள் தினமும் முதலில் குளத்தின் விளிம்பிலிருந்து குதிப்பார்கள், பிறகு மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், கடைசியில்தான் பத்து. ஐந்து நாள் பயிற்சிக்கு வராதவள் இன்று நேராக மேலே ஏறிவிட்டாள். “என்னடி, அங்கயே குடியேறிட்டியா?” என்று கத்திய தோழியும் இப்போது வாயை மூடிக்கொண்டாள். “மாஸ்டர், உடம்புக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன். காத்துல எப்ப உடம்பத் திருப்பணும்னே தெரியல.” அவள் குரல் கூரையில் பட்டு உடைகிறது. “குதிக்காதம்மா. அப்படியே முன்னால சாஞ்சு முட்டி போடு” என்கிறார் கீழே நிற்கும் பயிற்சி மாஸ்டர். துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறேன். ஒரு கால் நழுவுகிறது. யாரோ “ஐயோ” என்கிறார்கள். முட்டிகள் சிமென்டில் மோதும் சத்தம் கேட்கிறது. அவள் தவழ்ந்துபோய், ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். குளத்தின் விளிம்புக்கு வந்து மறுபடி முதுகு காட்டி நிற்கிறாள். தண்ணீர் ஒரு சாண் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கெண்டைக்கால் நடுங்குகிறது. மாஸ்டர் மெதுவாக எண்ணத் தொடங்குகிறார். “ஒண்ணு.”