ஏழு புள்ளி பூஜ்யம்

தண்ணீரைச் சோதிக்க வந்த அரசாங்க இன்ஜினியர் நெமெசியோ இரண்டாவது கிளாஸ் சிச்சாவையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

“எலுமிச்சை அளவா விழுந்திருக்கும்மா. இந்தப் புளிப்பு எங்க ஊர்ல வராது.”

எவரிஸ்தா ஜாடியைக் கீழே வைத்தாள்.

ஊதா மக்காச்சோளத்தை வேகவைத்து இறக்கும் சிச்சாவுக்குக் கத்தரிக்காய் நிறம். எலுமிச்சை பிழிந்தால்தான் சிவக்கும். இன்றைக்கு ஜாடியில் இருந்தது நல்ல சிவப்பு.

ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. ஓடைத் தண்ணீர் கெட்டது என்று அரசாங்கம் சொல்லிவிட்டால், மலைமேல் தோண்டும் சுரங்கக் கம்பெனி பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து குழாய் போட்டுத் தரவேண்டும். நல்லது என்று சொல்லிவிட்டால், ஊர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடையையே குடிக்கவேண்டும். தண்ணீர்க் குழுத் தலைவி எவரிஸ்தா இதற்காக நான்கு வருடம் ஆபீஸ் படியேறித் தேய்ந்தவள்.

நெமெசியோ ஓடைத் தண்ணீர் வாளிக்குள், புளிப்பை அளக்கும் pH மீட்டரின் கண்ணாடி முனையை இறக்கினான்.

7.00.

அவனுடைய ஆபீஸின் டைரக்டர் சல்வத்தியேர்ரா முதல் ஆளாகக் கைதட்டினார். ஊர் தட்டவில்லை என்பதால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள ரெண்டு கட்சி இருக்கு,” என்று நெமெசியோ ஊருக்கு விளக்கினான். விளக்குவதில் அவனுக்கு ஆசை அதிகம். “ஹைட்ரஜன் அயனி ஒரு கட்சி, ஹைட்ராக்சைடு அயனி ஒரு கட்சி. முதல் கட்சி கூடினா அமிலம், புளிக்கும். ரெண்டாவது கூடினா காரம், சோப்பு மாதிரி வழுக்கும். சரிக்குச் சரியா இருந்தா நடுநிலை. அதுதான் ஏழு.”

“ரெண்டு கட்சிக்கும் கம்பெனிதானே சோறு போடுது?” என்றாள் எவரிஸ்தா.

கூடம் சிரித்தது. டைரக்டர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

“சரி, எங்க டிரௌட் மீனெல்லாம் ஏன் செத்துச்சு?”

“மீன் சாக ஆயிரம் காரணம் இருக்கும்மா. வயசாகியிருக்கும்.”

“எல்லாத்துக்கும் ஒரே செவ்வாய்க்கிழமையா வயசாச்சு?”

தண்ணீர் நல்லது என்ற சான்றிதழை டைரக்டர் நெமெசியோவிடம் நீட்டினார். அவனுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் காலையில் மீட்டரைச் சோதிக்காமல் அவன் ஜீப்பில் ஏறுவதில்லை. நான்கு காட்டவேண்டிய கரைசல் ஒன்று, ஏழு காட்டவேண்டிய கரைசல் ஒன்று, இரண்டிலும் முக்கிப் பார்ப்பதுதான் முறை. நான்கு தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறது. கேட்டதற்கு, “நமக்கு வேண்டியது ஏழுதானே, எதுக்கு நாலு?” என்று டைரக்டர் ஏழையே இரண்டு பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஏழில் முக்கினால் மீட்டர் ஒருநாளும் தவறாமல் ஏழு காட்டியது.

கையெழுத்துப் போட்டான். மை காய்வதற்குள் சான்றிதழ் டைரக்டரின் பைக்குள் போய்விட்டது.

எவரிஸ்தா மூன்றாவது கிளாஸை நிரப்பினாள். அழவில்லை, கத்தவில்லை. அதுவே அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

“இதுல எலுமிச்சையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கம்மா. வயித்தைப் புரட்டுது.”

“எலுமிச்சையா?” என்றாள் அவள். “மேல சுரங்கம் வந்ததுலேருந்து இந்த ஊர்ல யாரும் எலுமிச்சை வாங்குறதில்ல, இன்ஜினியரே. ஓடைத் தண்ணிய ஊத்திக் காய்ச்சினாலே போதும்.”

நெமெசியோ கிளாஸைப் பார்த்தான். மாதுளை முத்துப்போல் சிவந்திருந்தது.

மெதுவாக மீட்டரை எடுத்து அதற்குள் விட்டான்.

7.00.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கண்ணாடி முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அடியில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல். பிப்ரவரி மாதம் மலைத்திருப்பத்தில் ஜீப் குலுங்கியபோது பெட்டி கீழே விழுந்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரில் விட்டாலும் ஏழு. எல்லா ஊரும் நடுநிலை.

டைரக்டர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். “பாத்தீங்களா, சிச்சாவும் ஏழு!” என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நிற்கத் தலைமுடியைச் சரிசெய்யப் போனார்.

நெமெசியோவுக்குக் காதுவரை சுட்டது. இரண்டு கிளாஸ் குடித்துப் புகழ்ந்த நாக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“நீங்க மூணாவது இன்ஜினியர்,” என்றாள் எவரிஸ்தா. “மத்த ரெண்டு பேரும் எலுமிச்சையப் பாராட்டிட்டு வண்டி ஏறிட்டாங்க. மீட்டரை இதுக்குள்ள விட்டுப் பாக்கல.”

குழுவின் நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள்.

வாசலில் டைரக்டர் போட்டோவுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

எழுத ஆரம்பித்தான். முதலில் பிப்ரவரிக்குப் பிறகு போய்வந்த பதினோரு ஊர்களின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பன்னிரண்டாவதாக இந்த ஊர்.