ஊமைக்குயில்

"இந்தச் சனியனைத் தவிர வேற எதைக் கேட்டாலும் பாடறேன்!"

ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார் என்று சொல்வதைவிட எறிந்தார் என்பதே சரி. ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்.

மேடை உலகம் அவருக்கு வைத்த பெயர் 'இடி'. நாற்பது வருஷமாக கிடாரை அலறவிட்டு, கூடவே தானும் அலறியவர். தொண்டை தேய்ந்துபோன பிறகு, ஊரே முணுமுணுத்த பழைய மெல்லிசைப் பாட்டுகளை அவர் குரலில் ஓர் ஆல்பமாகப் பதிவு செய்யலாம் என்று மகள் ஆரம்பித்தாள். முனகிக்கொண்டேதான் சம்மதித்தார். ஆனால் பாடியதென்னவோ மயிலிறகால் வருடிவிட்ட மாதிரி இருந்தது. ஒலிப்பதிவாளரே இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார்.

ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி.

அதை எழுதி மெட்டும் போட்டவர் 'ஊமைக்குயில்' என்ற புனைபெயர்க்காரர். அந்த ஒற்றைப் பாட்டோடு காணாமல் போனவர். அது வெளிவந்த புதிதில், இடி அந்த இசைத்தட்டை மேடையில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்து உடைத்தார். கூட்டம் வெறி பிடித்துக் கத்தியது. 'இடி' என்ற பெயரே அன்றைக்கு வந்ததுதான்.

மகள் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உங்களுக்கு என்னதான்பா பிரச்சினை?"

"சக்கரைப் பாகு. காதுல விட்டா ஈ மொய்க்கும்."

"இதுவரைக்கும் பாடினதெல்லாம் மட்டும் என்ன பாகற்காயா? இது அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு. அதான் உங்களுக்கு ஆகல."

இடியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"துணி மடிக்கறப்ப அம்மா இதை முணுமுணுத்தாப் போதும், கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போயிடுவீங்க. 'இப்படி எழுதத் தெரிஞ்ச மனுஷன்கூட வாழறவ குடுத்து வச்சவ'ன்னு ஒருநாள் சொன்னா. அன்னைக்கு நம்ம வீட்டுல உடையாம ஒரு கண்ணாடி டம்ளர் மிச்சமில்ல."

"செத்துப் போனவளை இதுல இழுக்காதே."

"இழுப்பேன். ஆஸ்பத்திரியில கடைசியா என்ன கேட்டா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதைப் பாடுங்கன்னு கேட்டா. நீங்க எந்திரிச்சு வராந்தாவுக்குப் போயிட்டீங்க. கல்லுப்பா நீங்க. வெறும் கல்லு."

ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு விலை உயர்ந்த மைக்கில் குடும்பச் சண்டை துல்லியமாகக் கேட்டது.

"அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு அப்புறமா..." என்று பொத்தானை அழுத்திப் பேசிப் பார்த்தார்.

"உன் வேலையைப் பாருய்யா!" அப்பாவும் மகளும் ஒரே குரலில் சீறினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

மகள் ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க பாடவே வேணாம். நானே பாடறேன். இந்தப் பாட்டு இல்லாம இந்த ஆல்பம் வெளிய வராது. இதை அவளுக்காகத்தான் பண்றேன், உங்களுக்காக இல்ல."

பியானோ மெல்லக் கிளம்பியது. மகள் பாடினாள்.

"வாசல் விளக்கை அணைக்காதே, நான் வரும் வழி நீளம்..."

"நீளம் இல்ல, ஈரம்" என்று மூலையிலிருந்து உறுமினார் இடி.

அவள் நிறுத்தினாள். "ரெக்கார்டுலயே நீளம்னுதான்பா இருக்கு."

"நீளமோ ஈரமோ, எவன் கண்டான்! அழுமூஞ்சிப் பாட்டுக்கு வார்த்தை ஒரு கேடா? முதல்ல நிறுத்து. அனுமதியே வராத பாட்டை நீ எப்படிடி பதிவு பண்ணலாம்?"

அது ஆறாத புண்ணில் விரலை விட்ட மாதிரி ஆயிற்று. பழைய இசைத்தட்டு கம்பெனி அவள் அனுப்பிய ஒவ்வொரு மெயிலையும் ஊமைக்குயிலுக்குத் தள்ளிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து ஒரே பதில்தான் திரும்பி வந்தது: 'முடியாது.'

"அந்த ஆளைச் சொல்லுங்க! அம்மா போயிட்டா, அவ ஞாபகமாத்தான் கேக்கறேன்னு அழுதுகிட்டே எழுதினேன். அதுக்கும் அதே ஒத்தை வார்த்தை. ஆயுசு பூரா அவனைத் தலையில வச்சுக் கொண்டாடினா எங்கம்மா. மனுஷனா அவன்?"

"வாயை அடக்கு."

"எதுக்கு அடக்கணும்? அவன் பாட்டை மிதிச்சு உடைச்சவர் நீங்க. இப்ப என்ன திடீர்னு அவன்மேல பாசம்?"

"அடக்குன்னு சொன்னேன்!"

"மாட்டேன். கேஸ் போடணும்னா போடட்டும். அதுக்காவது கோர்ட்டுக்கு வருவான்ல? மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கறேன், எங்கம்மாவுக்கு ஒரு பாட்டைக் குடுக்க உனக்கு எங்கடா வலிக்குதுன்னு."

அவள் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "முதல்லருந்து போடுங்கண்ணா. இந்தத் தடவை நிறுத்த மாட்டேன்."

பியானோ மறுபடி எழுந்தது. மகள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

இடி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். ஸ்டாண்டு சரிந்து தரையில் விழுந்தது. தேய்ந்த தொண்டைக்குள் மிச்சமிருந்த இடியெல்லாம் மொத்தமாக வெடித்தது.

"குடுக்க மாட்டேன்னு எத்தனை தடவைடி உனக்குப் பதில் போடறது!"