தாழ்ப்பாள்

மதிய வெயில் தையல் கூடத்தின் தகரக் கூரையில் காய்கிறது. பொத்தான் தைப்பவளின் மெஷினருகே நீலத் தண்ணீர் பாட்டில், காலையில் வீட்டில் நிரப்பியது நிரப்பியபடியே நிற்கிறது. "தண்ணி நல்லாக் குடிங்க, வந்தா அடக்காதீங்க, கிட்னிக்கு ஆகாது" என்று டாக்டரம்மா சொன்னபோது தலையை நன்றாகத்தான் ஆட்டினாள். ஆனால் எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரையை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறாள். கூடக் குடித்தால் போக வேண்டிவரும். பெண்கள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்திக்கு வந்தால் கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தியும் எழுந்தாக வேண்டும். சூப்பர்வைசர் இருவரையும் முறைப்பார்.

இன்று அந்தக் கதவடியில் தச்சர் மண்டியிட்டுத் திருப்புளியைச் சுழற்றுகிறார். பக்கத்து மெஷினில் காஜா எடுக்கும் அக்கா மானேஜரிடம் போய் மல்லுக்கட்டியதன் பலன். மெஷின்கள் ஓடுகின்றன, காதெல்லாம் கதவிடம்தான். "இங்க என்ன வேடிக்கை, கையப் பாருங்க" என்கிறார் சூப்பர்வைசர். தச்சர் உள்ளே போய்ச் சாத்துகிறார். டக்கென்று சத்தம். "யாராவது தள்ளிப் பாருங்கம்மா."

பொத்தான் தைப்பவள் எழுந்து போகிறாள். கையால் தள்ளுகிறாள், பிறகு தோளைக் கொடுத்து முட்டுகிறாள். கதவு அசைவதாயில்லை. திரும்பி வந்தவள் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடிக்கிறாள். தொண்டை ஏறி இறங்குகிறது, கழுத்து வழியே வழிந்து ரவிக்கை நனைகிறது.

"மெதுவாக் குடிடி, எல்லாருக்கும் ஒரே கதவுதான்" என்றபடி அக்காவும் தன் பாட்டிலைத் திறக்கிறாள்.