பழைய வருஷத்துச் சரக்கு

பாத்திரக்கடைக்காரர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, திரையில் வந்து நின்ற சின்னப் பெட்டியை முறைத்தார்.

விளையாட்டைத் தொடங்க முடியவில்லை, ஒரு ஃபைல் இல்லை என்றது அது. ஃபைலின் பெயர் எழுத்தும் எண்ணுமாக லாரி நம்பர் மாதிரி இருந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்.

இல்லை என்று தானே சொல்லிவிட்டு, அதற்குச் சரி என்று நம்மைச் சொல்லச் சொல்கிற வியாபாரியை அவர் பஜாரில் பார்த்ததே இல்லை.

சரி என்று அழுத்தினார். பெட்டி போயிற்று. திரையிலிருந்த லாரிப் படத்தை மறுபடி தட்டினார். பெட்டி வந்தது.

லாரி ஓட்டும் விளையாட்டு அது. மகள்தான் கற்றுக்கொடுத்தாள். ஞாயிறு மதியம் கடை மூடியதும் அவள் லேப்டாப்பில் ஒரு லாரி, இவர் இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு லாரி. அவள் முன்னால் போவாள், இவர் பின்னால் சரக்கேற்றிக்கொண்டு போவார். ஹாரன், குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பின்னால்தான் வருகிறேன் என்று அர்த்தம். முன்னாலிருந்தும் அதே மாதிரி பதில் வரும்.

பிறகு, இவர் பார்த்து வைக்காத ஒருவனோடு அவள் போய்விட்டாள். உன்னோடு இனி வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நடுக்கூடத்தில், நாலு பேர் கேட்கச் சொல்லி ஆயிற்று. சொன்ன சொல்லில் நிற்பவர் என்று அவருக்கு வெளியே ஒரு பெயர் உண்டு.

நேற்று மனைவி காய் நறுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், சுவரிடம் சொன்னாள்.

"அவ இன்னும் லாரி ஓட்டிக்கிட்டுதான் இருக்காளாம். நாளைக்கு மதியம்தான் கடைசியாம். திங்கக்கிழமை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேரணும். அப்புறம் கைக்குழந்தையை வச்சுக்கிட்டு லாரியா ஓட்ட முடியும்?"

அப்போதே அவருக்குப் பொறி தட்டியது. வாய் திறந்து பேச மாட்டேன் என்றுதானே சொன்னோம்? ஹாரன் வாய் இல்லையே. தன் சொல்லிலேயே ஒரு சந்து கிடைத்த சந்தோஷத்தில், சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்தச் சந்து வழியை அடைத்துக்கொண்டுதான் இப்போது இந்தப் பெட்டி நிற்கிறது.

குற்றம் சொல்ல வேறு ஆளும் இல்லை. மகள் வீட்டைவிட்டுப் போன அந்த மாதமே, கோபத்தில், கடையில் சரக்குக் கழிப்பது போல் இந்தக் கம்ப்யூட்டரையும் கழித்தார். உள்ளே இருந்த புரோகிராம் பட்டியலில் ஒரே பெயர் வரிசையாக வந்தது. வருஷம் மட்டும்தான் வேறு. பழைய வருஷத்துச் சரக்கு இடத்தை அடைக்கிறது என்று புதுசை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிவிட்டார். அந்தப் பழையதில் ஒன்றின் மேல்தான் தன் லாரி நின்றுகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

போனில் தேடினார். ஒரு ஃபைலுக்காகத் தேடாதே, முழுத் தொகுப்பையும் திரும்பப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூடி தொலைந்ததற்கு யாராவது செட்டோடு வாங்குவார்களா? ஓரிடத்தில் அந்த ஃபைலைத் தனியாக, இலவசமாகவே தந்தார்கள். இலவசம் என்றால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இன்று வரவில்லை.

கொண்டுவந்து போட்டார். அந்தப் பெட்டி போய், இன்னொரு ஃபைல் இல்லை என்று அடுத்த பெட்டி வந்தது. அதையும் கொண்டுவந்தார். மூன்றாவது பெட்டி எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. புரியாத எண் ஒன்றைக் காட்டிவிட்டு நின்றது. மூடி கிடைத்துவிட்டது, அளவு சேரவில்லை. இதற்குள் திரையின் மூலையில் யாரோ ஒருத்தி, அவருக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் சிரித்தாள்.

பஜார் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட வேண்டும், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றான்.

அறையைக் கடந்து போன மனைவி நின்றாள். "ஓட்டைக் கரண்டியைக்கூட வித்துட்டு வர்ற ஆளு. ஒரு பெட்டிகிட்டப் பேசத் தெரியலையாக்கும்?"

ஜன்னல் வெயில் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. மகள் இந்நேரம் லாரியோடு ரோட்டில் இருப்பாள்.

கடைசியில், மதியம் முழுக்கத் தள்ளிப்போட்டதைச் செய்தார். மேசைக்கு அடியில் குனிந்து, ஒரு பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்ற கம்ப்யூட்டரைத் திருப்பினார். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததும் அவர்தான்.

அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் ஸ்டிக்கர். சாவியால் சுரண்டிய தடம் அதில் அப்படியே இருந்தது. பெயர் போயிருந்தது. நல்ல பசை போல, நம்பர் போகவில்லை.

போட்டார். உடனே போனை எடுத்துவிட்டார்கள்.

கடைக் குரலை வரவழைத்துக்கொண்டார். "சிஸ்டத்துல... ஏதோ ஃபைல் இல்லைங்குது."

அந்தப் பக்கம், எங்கோ தள்ளி ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு ஹாரன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

அதற்கும் பிறகுதான் அந்தக் குரல் வந்தது. இந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய இதே அறைக்கு வந்து வந்து போன குரல். கடைசியாக வந்த அன்று வாசலோடு நிறுத்தி அனுப்பப்பட்ட குரல்.

"நேர்ல வந்து பார்க்கட்டுமா மாமா, இல்ல போன்லயே சொல்லிடட்டுமா?"