ஐம்பதாவது மேற்கோள்

குன்னூர் பஜாரில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டிருக்கிறது. வர்க்கி பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே ருக்ஸார் கைப்பேசியும் கையுமாக நிற்கிறாள். தேயிலை நொதி பற்றிய அவளுடைய ஆய்வுக் கட்டுரையை ஐம்பது பேராவது மேற்கோள் காட்டினால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் வேலை நிரந்தரம்; இன்று காலையில்தான் ஐம்பது ஆனது. அத்தா ஜலாலுதீன் எதிர்க்கடைக்குக் குரல் கொடுக்கிறார்: "ஏனுங்க நல்லசாமி, எம்புள்ள எழுதினதை அம்பது பேரு எடுத்துப் பேசறாங்க! வர்க்கி எடுத்துக்குங்க, காசெல்லாம் வேண்டாமுங்க." "நீங்க காசு வேண்டாம்னதையே ஒரு கட்டுரையா எழுதோணுமுங்க பாய்" என்று சிரிக்கிறார் நல்லசாமி. அந்த ஐம்பதாவது கட்டுரையை ருக்ஸார் இப்போதுதான் திறந்து படிக்கிறாள். அவளுடைய சோதனையை அப்படியே செய்து பார்த்தார்களாம். அவள் சொன்ன முடிவு வரவில்லையாம். வேலையை நிரந்தரமாக்கும் தேர்வுக்குழு எண்ணிக்கையை மட்டுந்தான் பார்க்கும், படிக்காது. ஒருவேளை படித்துவிட்டால்? "என்னம்மா, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்குது? உன்னைப் பத்தித்தானே எழுதியிருக்காங்க?" "பேரைச் சொல்லியிருக்காங்க அத்தா." "அப்புறமென்ன? கொறை சொல்றவனும் கடைப் பேரைச் சொல்லித்தானே ஆவோணும்!" அவர் சிரித்தபடியே தராசுத் தட்டைத் துடைக்கிறார். அவள் மறுகையில் எடுத்திருந்த வர்க்கி நொறுங்கித் திரைமேல் உதிர்கிறது. தட்டிவிடுகிறாள். விரல் பட்டதில் அவளுடைய கட்டுரையின் பக்கம் புதிதாய்த் திறக்கிறது. மேற்கோள்கள்: ஐம்பத்தொன்று.