அப்பாவின் எலும்பு

"இன்னும் ஒரு வாய், அப்பா. நெத்தலியை முள்ளோட சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னவரெல்லே."

முல்லைத்தீவுக் கடலில் முப்பது வருசம் வலை இழுத்த யோசெப், பொரியலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "தனியச் சாப்பிட்டா எனக்கு இறங்காது பிள்ளை. நீ ஒரு வாய், நான் ஒரு வாய்."

மகள் யதுசா பெருமூச்சோடு ஒரு வாய் எடுத்தாள். மெலிய வேண்டுமென்று, தவக்காலம் முடிந்த பிறகும் ஒருசந்தி நோன்பு என்று சொல்லிச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தவள் அவள். பக்தி என்றுதான் வீடு நினைத்தது. பள்ளிக்கூடப் படியில் சும்மா தடுக்கியதற்கே பாதத்து எலும்பு வெடித்தது. பிளாஸ்ரர் போட்ட அன்று டொக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்.

வெளியே வந்த அப்பா, "என்ர எலும்புதானாம் உளுத்துப்போச்சு" என்றார்.

அன்றிலிருந்து அவரைச் சாப்பிட வைப்பது அவள் பொறுப்பானது.

ஆறு கிழமை கழித்துப் பிளாஸ்ரரை வெட்டி எடுத்த டொக்டர் கேட்டார்: "நல்லாப் பொருந்தியிருக்கு. ஒழுங்காச் சாப்பிடுறீரோ?"

"ஓம் டொக்டர், மூண்டு நேரமும் அப்பாவோட. அவரின்ர எலும்பு இப்ப எப்பிடி?"

"அவருக்கென்ன? அண்டைக்கு நான் சொன்னது உம்மட எலும்பையெல்லே."

யோசெப் சுவரில் தொங்கிய போன வருசக் கலண்டரை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

யதுசா போய் அவரின் கையைப் பிடித்தாள்.

"எழும்புங்கோ அப்பா, வீட்டை போவம். நெத்தலி கிடக்கு. எனக்கும் தனியச் சாப்பிட்டா இறங்காது."